கார் ஷெட்டில் உருவான வேகம்: தெற்குக் கலிபோர்னியப் புறநகர்களில் பங்க்

முரட்டு வேகமுள்ள ராக் வகையான பங்க் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நியூயார்க்கின் மதுக்கூடங்களில் தொடங்கி லண்டன் கலைக்கல்லூரிகளுக்கு வந்து சேர்வது வழக்கம். அந்தப் பாதை தவறில்லை. ஆனால் லண்டன் பங்க் கூட்டத்திலேயே முன்வரிசையில் நின்ற சூசி சூ, ஸ்டீவன் செவரின், பில்லி ஐடல் ஆகியோர் நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் பிராம்லி பக்கத்துப் பிள்ளைகள். நகரத்தில் மேடை ஏறியவர்களில் பலர் புறநகர் ரயிலில் வந்து இறங்கியவர்கள். 1980 வாக்கில் அமெரிக்காவில் இன்னொரு திருப்பம் நடந்தது. புறநகர்ப் பிள்ளைகள் நகரத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு, தங்கள் ஊரிலேயே தங்களுக்கென ஓர் இசையைக் கட்டிக்கொண்டார்கள். ஹார்ட்கோர் என்று அதற்குப் பெயர் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே ஹெர்மோசா பீச், ஃபுல்லர்டன், சான்டா ஆனா, ஹண்டிங்டன் பீச் போன்ற ஊர்கள்தான் அதன் முக்கியமான பிறப்பிடம்.

ஏன் அங்கே என்று கேட்டால், வழக்கமாகக் கிடைக்கும் பதில் 'சலிப்பு'. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கடைத்தெரு, செய்ய ஒன்றுமில்லாத இளைஞர்கள், அதனால் கோபம். இந்தப் பதில் பாதி வழிதான் போகிறது. சலிப்பு எல்லா ஊரிலும் உண்டு. எல்லா ஊரிலும் ஒன்றரை நிமிடப் பாட்டு பிறக்கவில்லை. இந்த இசை ஏன் இவ்வளவு வேகமாக, இவ்வளவு குட்டையாக, கத்தலாக, மலிவாக இருந்தது என்பதற்கான விடை மனநிலையில் இருப்பதைவிடக் கட்டடங்களிலும் சட்டங்களிலும் இயந்திரங்களிலும்தான் அதிகம் இருக்கிறது. பாட்டுப் பயிலக் கிடைத்த அறை, பாடக் கிடைத்த கூடம், பாட்டைப் பதிக்கக் கிடைத்த தட்டு ஆகிய மூன்றின் அளவுகளே இந்த இசையின் அளவையும் வகுத்தன.

முதலில் ஊர். ஆரஞ்சு கவுன்டியின் மக்கள்தொகை 1950இல் ஏறக்குறைய 2.16 லட்சம். 1970இல் அது 14.2 லட்சம், 1980இல் 19 லட்சத்தைத் தாண்டியது. ஆரஞ்சுத் தோப்புகளை வெட்டி, விமானத் தொழிற்சாலைகளிலும் பாதுகாப்புத் துறை நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்காக வேகவேகமாக எழுப்பிய குடியிருப்புகள் அவை. மையமான ஊர்ச் சதுக்கம் கிடையாது. இரவில் நடந்து போய்ச் சேரக்கூடிய இடம் கிடையாது. கார் இல்லாத பதினைந்து வயதுப் பையன் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். 1978 ஜூனில் கலிபோர்னிய வாக்காளர்கள் முன்மொழிவு 13 என்ற திருத்தத்தை நிறைவேற்றினார்கள். சொத்துவரி, மதிப்பிட்ட விலையில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி. பள்ளி, பூங்கா, நூலகம் ஆகியவற்றை நடத்திய உள்ளாட்சிகளின் வருவாய் சுருங்கியது. விடுமுறைக்கால வகுப்புகளும் பள்ளி இசை வகுப்புகளும் முதலில் வெட்டுப்பட்டவற்றில் அடங்கும். இந்த இசையின் முதல் தலைமுறை பள்ளியில் இருந்தது சரியாக அந்த ஆண்டுகளில்தான்.

அதே ஊரில் கருவிகளுக்குக் குறைவில்லை. மின்கிட்டாரை உலகமெங்கும் கொண்டுசேர்த்த ஃபெண்டர் நிறுவனம் 1940களில் ஃபுல்லர்டனில் தொடங்கியது; 1965இல் சிபிஎஸ் அதை 13 மில்லியன் டாலருக்கு வாங்கியது. இன்னொரு கிட்டார் நிறுவனமான ரிக்கன்பேக்கரின் ஆலை பக்கத்து ஊரான சான்டா ஆனாவில். 1978 முதல் 1981 வரை சோஷியல் டிஸ்டார்ஷன், அடலசன்ட்ஸ் ஆகிய குழுக்கள் புறப்பட்டதும் இந்த ஃபுல்லர்டனிலிருந்துதான்.

ஷெட்டின் ஒலி

இரண்டு கார் நிற்கும் ஷெட் என்றால் ஏறத்தாழ 20க்கு 20 அடி, உயரம் எட்டு அடி. சிமென்ட் தரை, ஜிப்சம் பலகைச் சுவர், முன்னால் மெல்லிய தகரக் கதவு அல்லது மரக்கதவு. எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருப்பதால் ஒலி முன்னும் பின்னும் துள்ளிக்கொண்டே இருக்கும். இங்கே ஒலிபெருக்கி இல்லாமல் காதுக்கு எட்டும் ஒரே கருவி டிரம்ஸ். பக்கத்தில் நிற்பவருக்கு அது 100 டெசிபலைத் தாண்டும். அதற்கு ஈடாகக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டியான ஆம்பை ஏற்ற வேண்டும். கிட்டாருக்கு ஈடாகத் தாழ்சுரக் கிட்டாரான பேஸை ஏற்ற வேண்டும். கடைசியில் தோற்பது பாடுபவர். மலிவான ஸ்பீக்கரில் குரலைக் கூட்டினால் மைக் அதே ஒலியை மறுபடி வாங்கி ஊளையிடும். அந்த ஊளைதான் குரலுக்கு உச்சவரம்பு.

தன் குரல் தனக்கே கேட்காத நிலையில் சுருதி பிடித்துப் பாட முடியாது. தாளத்தில் மட்டும் பாடலாம். சொற்களை வெட்டி, அழுத்தி, டிரம்ஸ் அடிக்கு நடுவே எறியலாம். ஹார்ட்கோர் பாடகர்கள் கத்தியதற்குக் கோபமும் காரணம். ஆனால் தங்கள் குரலைத் தங்களுக்கே கேட்கவைக்கும் நல்ல மானிட்டர் ஸ்பீக்கர் இருந்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் மெட்டோடு பாடியிருப்பார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது. டிசென்டன்ட்ஸ், அடலசன்ட்ஸ் குழுக்களின் பாடல்களில் ஸ்டூடியோவுக்குள் போனதும் மெட்டு தலைதூக்குவதைக் கேட்கலாம்.

இன்றும் ஷெட்டில் பயிற்சி செய்பவர்கள் இதே தவறுகளைச் செய்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்வது நல்லது. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பது பொய். அட்டையும் கம்பளமும் உச்ச அதிர்வெண்களின் எதிரொலியை மட்டும் உறிஞ்சும். அறைக்குள் கேட்பது கொஞ்சம் தெளியும். அண்டை வீட்டை எட்டுவது பேஸும், காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மும். அவற்றைத் தடுக்க எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும். கதவுக்குப் பின்னால் இரட்டை ஜிப்சம் பலகையில் ஒரு தடுப்பு எழுப்பி, இடுக்குகளை ரப்பர் பட்டையால் மூடினால் பலன் தெரியும். ஒரு விரற்கடை இடுக்கு விட்டாலும் செலவில் பெரும்பகுதி வீண். ஆம்பைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் கேட்கும், அவர் மேலும் ஏற்றுவார். நாற்காலி மேல் வைத்துக் காது மட்டத்துக்குச் சாய்த்தால் ஒலியைக் கணிசமாகக் குறைக்கலாம். பாடுபவருக்கான ஸ்பீக்கரை மைக்கின் முதுகுப்பக்கம் வைக்க வேண்டும். மேடை மைக் பெரும்பாலும் முன்பக்கம் கேட்டு, பின்பக்கம் செவிடாக இருக்கும்படி செய்யப்பட்டது. பாடகர் ஆவேசத்தில் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அந்த அமைப்பு கெட்டு, மைக் நாலாபுறமும் கேட்கத் தொடங்கும். உடனே ஊளை கிளம்பும். பங்க் கச்சேரிகளில் கேட்கும் ஊளைகளில் பாதிக்கு இதுவே காரணம்.

கிட்டாரில் இந்த இசை இரண்டே சுரங்கள் சேர்ந்த பவர் கார்டைப் பிடித்துக்கொண்டதும் சோம்பலால் அல்ல. மூன்று சுரங்கள் சேர்ந்த முழு மேஜர் கார்டை, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை அதிகம் வைத்து வாசித்தால் மூன்றாம் சுரம் மற்றவற்றோடு உரசிக் கலங்கல் உண்டாகிறது. அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் இருந்தால் கலங்கல் இல்லை. 110 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தையும் 165 ஹெர்ட்ஸ் ஈ சுரத்தையும் டிஸ்டார்ஷனில் சேர்த்தால், இரண்டின் வித்தியாசமான 55 ஹெர்ட்ஸும் கூடவே பிறக்கும். அது அதே ஏ சுரம்தான், ஓர் எண்சுரம் (ஆக்டேவ்) கீழே. இரண்டு விரலில், வாசிக்காத ஒரு பேஸ் சுரம் இலவசமாகக் கிடைக்கிறது. கை வடிவத்தை மாற்றாமல் கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தலாம் என்பதால் வேகமும் கூடும்.

வேகத்துக்கு டிரம்ஸும் ஈடுகொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 160 அடிகளில் ஓடும் பாட்டில், அடிமேல் கிக்கும் அரையடியில் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மும் மாறி மாறி விழும்போது காலும் கையும் சேர்ந்து நிமிடத்துக்கு 320 அடிகள் போடுகின்றன. புதிதாக வாசிப்பவர்கள் முழங்கையால் அடிப்பார்கள்; இரண்டாவது பாட்டிலேயே கை இறுகிவிடும். குச்சியைத் தளர்வாகப் பிடித்து, தோலிலிருந்து துள்ளி எழுவதை விரல்கள் வழிநடத்தினால்தான் இருபது நிமிடம் தாங்கலாம். சத்தமான சிறு அறையில் தாளம் தானாகவே வேகமெடுக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்காதபோது யாரும் பின்தங்க விரும்புவதில்லை. எல்லோரும் சற்று முன்னால் அடிப்பார்கள். சான்டா ஆனாவைச் சேர்ந்த மிடில் கிளாஸ் குழு 1978இல் வெளியிட்ட நான்கு பாட்டுத் தட்டு அன்று வந்த எதையும்விட வேகமாக இருந்தது. அதையே முதல் ஹார்ட்கோர் தட்டு என்று பலர் கணக்கிடுகிறார்கள். குழுவின் பெயரிலேயே அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது இருக்கிறது.

21 வயதுச் சுவர்

கலிபோர்னியாவில் மது அருந்தும் வயது 21. இசை நடக்கும் கிளப்புகள் பெரும்பாலும் மது விற்றுத்தான் பிழைத்தன. மேடையில் ஏறுபவருக்கே 16 வயது, கேட்க வருபவருக்கு 15 வயது என்றால் கிளப்பால் ஒரு பயனும் இல்லை. ஆகவே சங்கக் கட்டடங்கள், முன்னாள் படைவீரர் கூடங்கள், பூங்காக்கள், வீட்டுக் கொல்லைகள் என்று இடம் தேடினார்கள்.

1979 ஜூலை 22இல் பிளாக் ஃபிளாக் குழு மன்ஹாட்டன் பீச்சின் பாலிவாக் பூங்காவில் வாசித்தது. குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. மென்மையான ராக் வாசிப்போம் என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள். கூட்டம் சாண்ட்விச்சையும் பழத்தோலையும் மேடைமேல் எறிந்தது. அதற்கு நான்கு மாதம் முன்னால், மார்ச் 17இல் லாஸ் ஏஞ்சலிஸின் எல்க்ஸ் லாட்ஜ் கூடத்தில் நடந்த கச்சேரிக்குள் கலவரத் தடுப்புப் போலீஸ் புகுந்து தடியடி நடத்தியது. கோஸ்டா மேசாவில் இருந்த குக்கூஸ் நெஸ்ட் கிளப் சில ஆண்டுகள் இந்தப் பிள்ளைகளுக்கு வாசல் திறந்திருந்தது. வாகன நிறுத்தத்தைப் பக்கத்து மதுக்கூடத்தோடு பகிர்ந்துகொண்டதால், தொப்பியும் பூட்ஸும் அணிந்த அங்கத்து வாடிக்கையாளர்களுக்கும் மொட்டைத்தலைப் பையன்களுக்கும் வாரந்தோறும் அடிதடி. கேளிக்கை உரிமத்தை வைத்து நகர நிர்வாகம் தொடர்ந்து போராடியது. 1981இல் கிளப் மூடப்பட்டது.

எந்த நிமிடமும் மின்சாரம் துண்டிக்கப்படலாம் என்ற நிலையில் வாசிக்கிற குழு, பாட்டுக்கு நடுவே பேசாது. பதினைந்து பாட்டை இருபது நிமிடத்தில் முடித்துவிடும். சர்க்கிள் ஜெர்க்ஸ் குழுவின் 1980 முதல் ஆல்பம் 14 பாட்டுகளைச் சுமார் பதினைந்து நிமிடத்தில் முடிக்கிறது. அதன் அட்டைப்படம் மெரினா டெல் ரேயில் சக்கரப் பலகை ஓட்டும் ஸ்கேட் திடலில் நீரில்லாத குளம் போன்ற ஒரு குழிக்குள் கூட்டம் நிற்பதாக எடுக்கப்பட்டது. 1976–77 வறட்சியில் நீர் இறைக்கப்பட்ட கொல்லைப்புற நீச்சல்குளங்களில் ஸ்கேட் பழகிய தலைமுறைக்கு அந்தப் படம் எந்த விளக்கமும் இல்லாமல் புரிந்தது.

கூடத்தில் கச்சேரி நடத்துவதன் கணக்கு எளிமையானது, அதனால்தான் எளிதாகக் கவிழும். கூடத்தின் வாடகையும் ஒலிபெருக்கி வாடகையும் சேர்ந்து 300 டாலர், நுழைவு 3 டாலர் என்று வைத்துக்கொண்டால் முதல் 100 பேரின் காசு யாருக்கும் இல்லை. கழிப்பறைத் தொட்டி ஒன்று உடைந்தால் முன்பணம் போயிற்று. கூடம் அடுத்த முறை கிடைக்காது. அந்தக் கூடம் மட்டுமல்ல, அதே சங்கத்தின் பக்கத்து ஊர்க் கூடமும் கிடைக்காது. இசைக்குழுக்களுக்குக் காசு கொடுக்க முடியாமல் போவதைவிட இப்படி இடம் தீர்ந்துபோவதுதான் பெரிய ஆபத்தாக இருந்தது.

விளம்பரம் முழுக்க ஜெராக்ஸ் நோட்டீஸ். அன்றைய ஜெராக்ஸ் இயந்திரம் சாம்பல் நிறச் சாயல்களைத் தின்றுவிடும். கெட்டிக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே பிழைக்கும். பிளாக் ஃபிளாக்கின் கிரெக் கின்னுடைய தம்பி ரேமண்ட் பெட்டிபோன் இந்தியன் இங்க்கில் வரைந்த கோட்டுப் படங்கள் எத்தனை முறை நகலெடுத்தாலும் நின்றன. அவர் வடிவமைத்த நான்கு கறுப்புப் பட்டைகளைச் சுவரில் ஸ்ப்ரே அடிக்கப் பத்து விநாடி போதும். அதனாலேயே அது லாஸ் ஏஞ்சலிஸ் முழுக்கப் பரவியது. ஒட்டுவதற்கு நம் ஊர்ச் சுவரொட்டிக்காரர்கள் கிண்டுவது போன்ற மாவுப் பசைதான்: ஒரு பங்கு மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, நான்கு பங்கு கொதிநீரில் ஊற்றிக் கிளற வேண்டும். சூடான நீரில் நேரடியாக மாவைக் கொட்டினால் உருண்டை கட்டும். தாளின் பின்புறம் மட்டும் தடவினால் ஓரம் உரியும். ஒட்டிய பிறகு மேலேயும் ஒரு பூச்சு வேண்டும்.

இடப் பிரச்சினைக்கு ஓர் எளிய தீர்வு 1980 ஆகஸ்டில் கிடைத்தது. வாஷிங்டனிலிருந்து வந்த டீன் ஐடில்ஸ் குழுவினர் சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸில் வாசிக்கப் போனபோது வயது குறைவாக இருந்தது. கையில் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டு, இவர்களுக்கு மது கிடையாது என்று அடையாளம் வைத்து உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பி அங்கிருந்த கிளப்புகளிடம் அதே முறையைப் பரிந்துரைத்தார்கள். மது விற்கும் இடத்திலும் சிறுவர்கள் இசை கேட்க ஒரு பேனா போதும் என்றாயிற்று. மதுவும் போதையும் வேண்டாம் என்ற ஸ்ட்ரெய்ட் எட்ஜ் இயக்கம் பின்னாளில் அந்தக் குறியையே தன் சின்னமாக ஏற்றது.

ஏழு அங்குலத் தட்டு

கிரெக் கின் சிறுவயதிலேயே வானொலி ஆர்வலர்களுக்கான மின்னணுக் கருவிகளைச் செய்து அஞ்சலில் விற்றவர். எஸ்எஸ்டி என்பது அந்தத் தொழிலின் பெயர். பிளாக் ஃபிளாக் 1978 ஜனவரியில் பதிவு செய்த நான்கு பாட்டுகளை வெளியிட ஒப்புக்கொண்ட நிறுவனம் தாமதித்துக்கொண்டே போனது. அவர் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, தட்டு அச்சிடும் ஆலையைக் கண்டுபிடித்து, தானே 2,000 பிரதி போட்டார். 1979 தொடக்கத்தில் வந்த அதுதான் எஸ்எஸ்டியின் முதல் தட்டு. அவருக்கு முன்னோடிகள் இருந்தார்கள். இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய 500 பவுண்டில் 1977 ஜனவரியில் தங்கள் தட்டை வெளியிட்டு, எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதை அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. படித்தவர்களுக்கு அது ஒரு செய்முறைக் குறிப்பாகவே பயன்பட்டது.

வேலை நடக்கும் விதம் இது. பதிவு நாடாவை ஆலைக்கு அனுப்பினால், முதலில் அரக்குப் பூசிய அலுமினியத் தட்டில் ஊசியால் பள்ளம் வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, மின்முலாம் முறையில் நிக்கல் படிய வைத்து உரிப்பார்கள், அது எதிர்வடிவம். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து அச்சுத் தகடு. சில நூறு பிரதிதான் வேண்டுமென்றால் முதல் எதிர்வடிவத்தையே அச்சுக்குப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கலாம். அது தேய்ந்துவிட்டால் மறுபடி வெட்டத்தான் வேண்டும். அரக்குத் தட்டு நாள்பட்டால் கெடும், ஆகவே வெட்டியவுடன் முலாமுக்குப் போக வேண்டும்.

ஏழு அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 45 சுற்றில் ஓடும்போது ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம்வரை உரத்த ஒலியாக வெட்டலாம். அதற்குமேல் போனால் பள்ளங்கள் நெருங்க வேண்டும். நெருங்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் தட்டின் இரைச்சல் மேலே தெரியும். 33 சுற்றில் ஆறு நிமிடத்துக்கு மேலும் கொள்ளும், ஆனால் உச்ச அதிர்வெண்கள் மழுங்கும். மையத்தை நெருங்க நெருங்க ஊசி ஒரு விநாடியில் கடக்கும் தூரம் குறைவதால் 'ஸ' ஒலிகள் சிதறும். சிம்பல் சத்தம் அதிகமுள்ள பாட்டைக் கடைசியில் வைக்கக் கூடாது. பேஸ் ஒலி இடம் வலம் மாறிப் பதிந்திருந்தால் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளும். பேஸை நடுவில் வைத்தே கலக்க வேண்டும். ஒரு நிமிடப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் எதுவும் சிறையாக இல்லை. சான் பெட்ரோவின் மினிட்மென் குழு 1980இல் ஏழு பாட்டுகளை ஏழு நிமிடத்துக்குள் ஒரே ஏழு அங்குலத் தட்டில் வைத்தது. ஸ்டூடியோ வாடகை குறைவான நள்ளிரவில், பழைய நாடாவில், தட்டில் வர வேண்டிய வரிசையிலேயே பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பிறகு வெட்டி ஒட்டும் செலவு மிச்சம். 1984இல் நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பத்தை அவர்கள் 1,100 டாலரில் பதிவு செய்தார்கள் என்றால் அந்தச் சிக்கனத்தின் ஆழம் புரியும்.

சோதனைப் பிரதி வந்ததும் கேட்டே ஆக வேண்டும். நல்ல கருவியில் ஒருமுறை, மலிவான கருவியில் ஒருமுறை. சுருதி ஊசலாடினால் நடுத்துளை மையம் தப்பியிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை உஸ் என்று கேட்டால் பிளாஸ்டிக் பள்ளத்தை முழுக்க நிரப்பவில்லை. முழுப் பிரதிகள் வந்த பிறகு நேரும் பெரும் சேதம் வேறு: கலிபோர்னிய வெயிலில் கார் டிக்கிக்குள் ஒரு மதியம் கிடந்தால் பெட்டி முழுதும் வளைந்துவிடும். படுக்க வைத்து அடுக்குவதும் வளைக்கும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும்.

அட்டை செய்ததில் சிறந்த உதாரணம் வாஷிங்டன் பக்கத்தில்தான். கலைந்துபோகும் முன் டீன் ஐடில்ஸ் கச்சேரிகளில் சேர்த்த பணம் சுமார் 600 டாலர். அதைப் பங்கிட்டுக்கொள்ளாமல், 1980 டிசம்பரில் டிஸ்கார்டு என்ற நிறுவனத்தைத் தொடங்கி எட்டுப் பாட்டுகளை 1,000 பிரதி வெளியிட்டார்கள். ஒலிப்பதிவு நடந்தது வர்ஜீனியாவின் ஆர்லிங்டன் புறநகரில் டான் ஸியன்டாரா தன் வீட்டில் நடத்திய இன்னர் இயர் ஸ்டூடியோவில். வெளிநாட்டுத் தட்டு உறை ஒன்றைப் பிரித்து, அதன் வடிவைத் தாளில் வரைந்து, அச்சகத்தில் தட்டையாக அடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை போட்டு ஒட்டினார்கள். அடுத்தடுத்த தட்டுகளுக்கும் நண்பர்கள் கூடி உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் மடித்தார்கள். டிஸ்கார்டு எழுத்தில் ஒப்பந்தம் போடுவதில்லை. செலவு போக மிஞ்சும் லாபத்தைக் குழுவோடு பங்கிடுகிறது.

பெரிய நிறுவனங்களோடு சேர்ந்தபோது என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1981இல் பிளாக் ஃபிளாக்கின் முதல் ஆல்பத்தை விநியோகிக்க இருந்த எம்சிஏ நிறுவனத்தின் அதிகாரி, இது பெற்றோருக்கு எதிரான தட்டு என்று சொல்லி விலகினார். அந்த வாசகத்தையே ஸ்டிக்கராக அச்சிட்டு உறைமேல் ஒட்டிக் குழு விற்றது. இடையில் இருந்த யூனிகார்ன் நிறுவனத்தோடு வழக்கு வந்து, குழுவின் பெயரில் எதையும் வெளியிடக் கூடாது என்று தடை வந்தது. குழுவின் பெயர் இல்லாமல் வெளியிட்ட தொகுப்புக்காக கின்னும் குழுவில் பேஸ் வாசித்த சக் டுகவ்ஸ்கியும் 1983இல் ஐந்து நாள் சிறையில் இருந்தார்கள்.

வானொலியும் நியூ வேவும்

வீட்டைவிட்டு வெளியே போக முடியாத பிள்ளைக்கு இசை வந்து சேர்ந்த வழி வானொலி. பாசடீனாவின் 106.7 பண்பலையான கே-ராக்கில் ராட்னி பிங்கன்ஹைமர் 1976 முதல் வாரக்கடைசி இரவுகளில் யார் கொண்டுவந்து கொடுக்கும் தட்டையும் ஒலிபரப்பினார். ஏஜென்ட் ஆரஞ்சு, அடலசன்ட்ஸ் குழுக்களின் பாட்டுகள் பள்ளிக்கூடங்களைச் சென்றடைந்தது அவர் வழியாகத்தான். அதே நிலையம் பகலில் வேறொரு வழியில் போனது. 1977இல் சையர் ரெக்கார்ட்ஸ் தலைவர் சீமோர் ஸ்டைன் தன் குழுக்களைப் பங்க் என்று அழைக்க வேண்டாம், நியூ வேவ் என்று அழையுங்கள் என்று வானொலிக்காரர்களிடம் பிரசாரம் செய்திருந்தார். பங்க் என்ற சொல்லைக் கேட்டே நிலையங்கள் கதவடைத்த காலம் அது. கே-ராக் 1980 வாக்கில் அந்த நியூ வேவைத் தன் முழுநாள் ஒலிபரப்பாக்கியது.

ஹார்ட்கோர், நியூ வேவ் இரண்டும் பங்க் என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. தவுசண்ட் ஓக்ஸ் புறநகரில் வளர்ந்த பெலிண்டா கார்லைல் பாடிய கோ-கோஸ் குழு, ஹாலிவுட்டின் மாஸ்க் என்ற அடித்தளக் கிளப்பில் பயிற்சி செய்து வளர்ந்தது. அவர்களின் 1981 ஆல்பம் அடுத்த ஆண்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தாங்களே எழுதி, தாங்களே கருவிகள் வாசித்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண்கள் குழு அவர்கள்தான்.

நியூ வேவ், மின்னணு ஒலியெழுப்பும் கீபோர்டான சிந்தசைசரைப் பிடித்ததற்கும் அறையே ஒரு காரணம். கிட்டாருக்கு ஷெட் வேண்டும். சிந்தசைசருக்குப் படுக்கையறையும் ஹெட்ஃபோனும் போதும், அண்டை வீட்டார் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். இங்கிலாந்தில் 1949இல் திட்டமிட்டு எழுப்பிய பாசில்டன் என்ற புதுநகரிலிருந்து டெபெஷ் மோட் குழு வந்தது. கையில் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு ரயில் ஏறக்கூடிய சிறு கீபோர்டுகள். டிரம்ஸுக்கு வேன் வேண்டாம். கே-ராக் அவர்களை ஓயாமல் ஒலிபரப்பியதன் விளைவு, 1988 ஜூன் 18இல் பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் கூடினார்கள். ஒரு நாட்டின் புறநகர் இன்னொரு நாட்டின் புறநகரைக் கண்டுகொண்ட நாள் அது. இந்தப் படுக்கையறை வழியில் பின்னாளில் வந்தவர்களில் ஈழத்தமிழரான எம்.ஐ.ஏ.வும் ஒருவர். தெற்கு லண்டனின் மிச்சமில் வளர்ந்த அவர், இலாஸ்டிகா குழுவுக்கு அட்டை வடிவமைத்து, அவர்களோடு பயணம் போய், ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே மின்னணு இசைப் பெட்டியில் தன் முதல் பாட்டுகளைக் கட்டினார்.

கூட்டம் கெட்டது எப்படி

ஹாலிவுட்டின் 1977 கூட்டத்தில் பெண்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் ஓரினச்சேர்க்கையாளரும் மேடையிலும் கீழேயும் இருந்தார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் 1980இல் வெக்ஸ் என்ற கிளப்பே அப்படித் தொடங்கியதுதான். லாஸ் இல்லிகல்ஸ், தி பிராட் குழுக்கள் அங்கே வாசித்தன. கடற்கரைப் புறநகர்களிலிருந்து உடல்வலுவுள்ள பையன்கள் பெருங்கூட்டமாக வந்ததும் மேடைக்கு முன்னால் ஸ்லாம் ஆட்டம் தொடங்கியது. வட்டமாக ஓடி மோதுவது என்பது விழுந்தவரை உடனே தூக்கிவிடும் வழக்கம் இருக்கும்வரை ஆபத்து குறைவானது. பாதிப்பேருக்கு அந்த வழக்கம் தெரியாத கூட்டத்தில் எலும்பு முறியும். வயதில் மூத்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள், பெண்கள் சுவரோரம் தள்ளப்பட்டார்கள், பிறகு அவர்களும் வரவில்லை. இசையின் மீது அன்பு உள்ளவர்கள் இதை மறைக்கக் கூடாது: கூடங்களை மூடவைத்ததில் போலீஸுக்கு இருந்த அளவு பங்கு உள்ளே வந்த முரடர்களுக்கும் உண்டு.

இதற்கு உருப்படியான விடை வடக்கே பெர்க்லியில் வந்தது. மேக்சிமம் ராக்கன்ரோல் இதழை நடத்திய டிம் யோஹானனும் நண்பர்களும் நகர நிர்வாகத்திடம் முறையாக அனுமதி வாங்கி, 924 கில்மன் தெருவில் ஒரு கிடங்கைப் பிடித்து, 1986 டிசம்பர் 31இல் திறந்தார்கள். மது கிடையாது, போதை கிடையாது, வன்முறை கிடையாது. இனவெறி, பெண்வெறுப்பு, ஓரினச்சேர்க்கையாளர் வெறுப்பு எதுவும் கூடாது என்று வாசலிலேயே எழுதி வைத்தார்கள். எல்லா வயதினரும் வரலாம், ஆனால் உறுப்பினராகச் சேர வேண்டும். உறுப்பினர் அட்டைக்கு அப்போது ஆண்டுக்கு 2 டாலர். உறுப்பினர் முறையால் பிரச்சினை செய்பவரை நீக்க முடிந்தது. வாசலில் நிற்பது, ஒலிபெருக்கி பார்ப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் தன்னார்வலர்கள். முடிவுகள் உறுப்பினர் கூட்டத்தில் எடுக்கப்பட்டன. பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்ட குழுக்களுக்கு மேடை இல்லை என்ற விதி, அங்கேயே வளர்ந்த கிரீன் டே 1993இல் ஒப்பந்தம் போட்டபோது அவர்களுக்கும் பொருந்தியது. கில்மன் கிளப்பில் இன்றும் கச்சேரி நடக்கிறது.